ரவிவர்மா படமும் சிவகாசி காலண்டரும்

மளிகைக் கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் லட்சுமி படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தாமரைப் பூவின் மேல் நிற்கிறாள். நான்கு கைகள். சிவப்புப் புடவை, தங்க ஜரிகை. ஓரத்தில் ஒரு யானை தும்பிக்கையில் மாலையோடு நிற்கிறது. பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் மங்கலாக மரங்கள். படத்தின் மேல் ஒரு முழம் பூ, சட்டத்தில் செருகிய ஊதுபத்தி, கீழே ஏதோ ஒரு பாத்திரக் கடையின் பெயரும் போன் நம்பரும்.

இந்த லட்சுமிக்கு வயது என்ன? 'ஆதிகாலத்திலிருந்தே இப்படித்தானே' என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் கோயில் சிற்பங்களில் இருக்கும் திருமகள் இப்படி இருப்பதில்லை. தஞ்சாவூர் ஓவியத்து லட்சுமியும் இப்படி இருப்பதில்லை. சதையும் நிறமுமாக, பக்கத்து வீட்டுப் பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்பதுபோல நிற்கும் இந்த லட்சுமி பிறந்தது 1890களில்தான். அவளை வரைந்தவர் திருவிதாங்கூரில் கிளிமானூர் அரண்மனையைச் சேர்ந்த ராஜா ரவிவர்மா (1848-1906).

ரவிவர்மாவைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அவர் வரைந்தது உயர்ந்த கலையா, மேல்நாட்டைப் பார்த்துப் போட்ட நகலா? நூறு வருடங்களாக இந்தச் சண்டை நடக்கிறது. ஆனால் அவருடைய படங்கள் அச்சில் ஏறி வீடுகளுக்குப் போன அதே வருடங்களில் தென்தமிழ்நாட்டில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அது கலையைப் பற்றியது அல்ல. கடவுளைப் பார்க்க யாருக்கு உரிமை உண்டு என்பதைப் பற்றியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரவிவர்மாவின் கதை கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் ஓவியரின் கதையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாளின் ஆதரவில் திருவனந்தபுரத்தில் வளர்ந்தவர் ரவிவர்மா. எண்ணெய் வண்ணம் என்பதே அப்போது புதுச் சரக்கு. அரண்மனை ஓவியராக இருந்த ராமசாமி நாயக்கர் அந்த வித்தையை இளைஞனுக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் தான் வரைவதைப் பார்க்க மட்டுமே அனுமதித்தார். மிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். (தொழில் ரகசியத்தைப் பூட்டிவைக்கும் வழக்கம் அன்றும் இருந்திருக்கிறது!) 1873இல் நாயர் பெண் ஒருத்தி தலைவாரிப் பூச்சூடும் ஓவியத்திற்குச் சென்னைக் கண்காட்சியிலும் வியன்னா கண்காட்சியிலும் பரிசு கிடைத்தது. அதன்பிறகு ராஜாக்களும் கவர்னர்களும் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள்.

திருப்புமுனை பரோடாவிலிருந்து வந்தது. மன்னர் மூன்றாம் சயாஜிராவ் தன் புதிய அரண்மனைக்காக 14 புராண ஓவியங்களை வரையச் சொன்னார். நளன் தமயந்தி, சந்தனு கங்கை, விசுவாமித்திரர் மேனகை என்று இதிகாச, புராணக் காட்சிகள். வரைந்து முடித்தபின் அந்த ஓவியங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. புராணத்தைக் காதால் கேட்டே பழகிய மக்கள் அது கண்முன்னால் ரத்தமும் சதையுமாக நிற்பதை முதல்முறை பார்க்கிறார்கள். அப்புறம் அந்த ஓவியங்கள் அரண்மனைச் சுவருக்குப் போய்விட்டன.

இங்கேதான் ஒரு வணிகக் கேள்வி வருகிறது. சரக்கு ஒன்றே ஒன்று, கேட்பவர்கள் லட்சக்கணக்கில். என்ன செய்வது? திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி.மாதவராவ் இதற்கு முன்பே ஒரு யோசனை சொல்லியிருந்தார். சில ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டுக் கொண்டுவரலாம் என்பது அவர் யோசனை. ரவிவர்மா ஒரு படி மேலே போனார். 1894இல் தம்பி சி.ராஜராஜவர்மாவுடன் சேர்ந்து, ஒரு வணிகரையும் கூட்டாளியாக வைத்துக்கொண்டு, பம்பாயில் சொந்தமாக அச்சகமே ஆரம்பித்துவிட்டார். இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்தே வந்தார்கள். அச்சில் ஏறிய முதல் படம் சகுந்தலையின் பிறப்பு.

கடவுள் படத்தை அச்சிட்ட முதல் ஆள் ரவிவர்மா என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவும் புனேயின் சித்ரசாலா அச்சகமும் 1870களின் கடைசியிலேயே இந்தத் தொழிலில் இறங்கிவிட்டன. ஐரோப்பாவில் அச்சான இந்துக் கடவுள் படங்களும் சந்தையில் இருந்தன. ரவிவர்மாவின் சரக்கு அவற்றைவிட அசல் எண்ணெய் ஓவியத்துக்கு நெருக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த நெருக்கம் எப்படி வந்தது என்பது சுவாரசியமானது. அப்போதைய வண்ண அச்சு கல்லச்சு. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலமாக மாற்றி வரைய வேண்டும். கல்லை நனைத்து மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். லட்சுமியின் கன்னத்துக்கு ஒரு கல், கன்னத்து நிழலுக்கு ஒரு கல், புடவையின் சிவப்புக்கு ஒன்று, மடிப்பில் விழும் கருஞ்சிவப்புக்கு ஒன்று. ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் முறையே போய்வர வேண்டும். ஒரு நூலிழை விலகினாலும் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும்! எல்லாம் முடிந்தபின் மேலே வார்னிஷ் பூசினால் எண்ணெய் ஓவியம்போலவே பளபளக்கும். இதற்குத்தான் ஓலியோகிராஃப் என்று பெயர்.

படத்தை வாங்கியவர்கள் சும்மா மாட்டிவைக்கவில்லை. லட்சுமியின் புடவை இருக்கும் இடத்தில் நிஜத் துணியை வெட்டி ஒட்டினார்கள். ஜரிகை தைத்தார்கள். சம்கி பதித்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இப்படி அலங்கரித்த ரவிவர்மா படங்கள் நிறைய இருந்தன. கோயிலில் அர்ச்சகர் சிலைக்குச் செய்யும் அலங்காரத்தை வீட்டுப் பெண்கள் தாளுக்குச் செய்தார்கள் என்றே சொல்லலாம்.

படம் ஓடியது, ஆனால் கம்பெனி ஓடவில்லை. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கடன் ஏறியது. 1899இல் அச்சகத்தை லோனாவாலா பக்கத்தில் மலவ்லி என்ற ஊருக்கு மாற்றினார்கள். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடமே, படங்களை அச்சிடும் உரிமையோடு, அச்சகத்தை விற்றுவிட்டார்கள். பிளேக் ஒரு காரணம் என்றாலும், முதலாளிகள் இருவரும் பாதிநாள் தூரிகையும் கையுமாக ஊர் ஊராக ராஜாக்களின் உருவப்படம் வரையப் போய்விட்டதும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். ஷ்லைஷர் அப்படியில்லை. சாமி படத்தோடு லேபிள், தபால் அட்டை, விளம்பரம் என்று எதுவந்தாலும் அச்சடித்தார். அச்சகம் பிழைத்துக்கொண்டது.

இப்போது அதே வருடங்களில் தென்தமிழ்நாட்டுக்கு வருவோம்.

ராமநாதபுரம் பக்கம் கமுதி. 1897இல் நாடார் சமூகத்தைச் சேர்ந்த சிலர் அங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து தாங்களே வழிபாடு செய்தார்கள். அன்றைய வழக்கப்படி கோயில் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. கோயில் தீட்டுப்பட்டுவிட்டதாகச் சொல்லி, பரிகாரச் செலவையும் கேட்டு, ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். இத்தனைக்கும் நாடார் வணிகர்கள் அப்போது பணத்தில் குறைந்தவர்கள் அல்ல. பேட்டைகள் கட்டி, மகமை வசூலித்து, பள்ளிக்கூடம் நடத்தி வளர்ந்துகொண்டிருந்தவர்கள். பணம் எல்லாக் கதவையும் திறந்தது, கோயில் கதவைத் தவிர.

1899இல் மதுரை நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. வழக்கு கடல்கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் அங்கேயும் தோற்றது. கமுதியில் ஒரு சாமியைக் கும்பிடலாமா கூடாதா என்று லண்டனில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள் என்பதை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கக்கூடிய நிலையில் யாரும் இல்லை. 1899 ஜூன் மாதம், இதே கோயில் நுழைவுப் பகையின் உச்சமாக, சிவகாசியில் பெரும் கலவரம் வெடித்தது. நாடார்களுக்கும் மறவர் உள்ளிட்ட பிற சாதியாருக்கும் இடையே நடந்த அந்த மோதலில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கலவரம் சுற்றுவட்டார ஊர்களுக்கும் பரவியது.

அச்சகம் மலவ்லிக்கு இடம்பெயர்ந்த அதே 1899. அந்த வருடம் எடுத்து மாட்டிய ஒரு ரவிவர்மா படத்துக்கு முன் நின்று கும்பிட யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. தீட்டு என்று வழக்குப் போடவும் முடியாது. கோயிலில் கருவறை இருட்டு. எண்ணெய் விளக்கின் ஒளியில், தூரத்திலிருந்து, ஒரு நொடிதான் தரிசனம். உள்ளே விடப்பட்டவர்களுக்கே அவ்வளவுதான். அச்சுப் படத்தில் கடவுள் நேருக்கு நேர் நிற்கிறார், பட்டப்பகல் வெளிச்சத்தில், நாள் முழுக்க.

ரவிவர்மா இதற்காகத்தான் அச்சகம் ஆரம்பித்தார் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அவர் சமூகச் சீர்திருத்தக்காரர் அல்ல. தவிர, ஆரம்பத்தில் அந்தப் படங்களை வாங்கியவர்கள் கையில் நாலு காசு இருந்த நடுத்தர வர்க்கத்தினர். அன்றாடக் கூலிக்காரன் வீட்டுக்கு ஓலியோகிராஃப் போகவில்லை. அது போய்ச்சேர இன்னும் இரண்டு விஷயங்கள் நடக்கவேண்டியிருந்தது. ஒன்று சினிமா. இன்னொன்று தீப்பெட்டி.

சினிமாவின் நூலும் ரவிவர்மா அச்சகத்திலிருந்தே வருகிறது. அந்த அச்சகத்துக்காக வேலை பார்த்தவர்களில் ஒருவர் துண்டிராஜ் கோவிந்த பால்கே. பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியிலும் பரோடாவிலும் படித்தவர், புகைப்படம் தெரிந்தவர். லோனாவாலாவில் அச்சுவேலை கற்று, பிறகு சொந்தமாக அச்சகம் வைத்து, ஜெர்மனிக்கும் போய்வந்து, கூட்டாளிகளோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். அந்தச் சமயத்தில் பம்பாயில் ஏசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம் ஒன்றைப் பார்த்தார். திரையில் ஏசு ஓடிக்கொண்டிருக்க, மனதில் கிருஷ்ணனும் ராமனும் ஓடினார்கள் என்று பின்னாளில் அவரே எழுதினார். 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது. பிறகு 'லங்கா தகனம்', 'காளிய மர்த்தனம்' என்று வரிசையாகப் புராணங்கள். கண்முன் நிற்கும் புராணம் என்று ரவிவர்மா காட்டியதைப் பால்கே அசையவைத்தார்.

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமும் புராணம்தான். மோட்டார் உதிரிபாக வியாபாரியான ஆர்.நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்த 'கீசக வதம்'. (கீசகனையும் சைரந்திரியையும் ரவிவர்மா 1890லேயே வரைந்துவிட்டார்.)

ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ் சினிமாவைப் பற்றி ஒரு முக்கியமான கருத்தைச் சொல்லியிருக்கிறார். எல்லாத் தமிழர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமா கொட்டகைதான் என்பது அது. அங்கே இடம் சாதியைப் பொறுத்தது அல்ல, டிக்கெட்டைப் பொறுத்தது. தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட். இதுவும் ஏற்றத்தாழ்வுதான். ஆனால் காசு கொடுத்தால் மாறக்கூடிய ஏற்றத்தாழ்வு. கோயிலில் அந்த வசதி இல்லை. புராணப் படத்தில் சாமி தோன்றும்போது கொட்டகையிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், தேங்காய் உடைத்தார்கள் என்று கேலியாகச் சொல்வதுண்டு. மேலே சொன்ன வழக்கை நினைவில் வைத்துக்கொண்டால் அது அவ்வளவு கேலிக்குரியதாகத் தெரியாது.

அடுத்தது தீப்பெட்டி. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923இல் தொழில் ஆரம்பமானது. மழையில்லாத, விவசாயம் படுத்துப்போன வறண்ட பூமி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்தது. தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். எழுத்தறியாத வாடிக்கையாளர் படத்தைப் பார்த்துத்தான் பிராண்டை அடையாளம் காண்பார். யானை மார்க், மயில் மார்க், லட்சுமி மார்க். லேபிளுக்காக அச்சு இயந்திரங்கள் சிவகாசிக்கு வந்தன. வருடம் முழுக்க லேபிள் மட்டும் அடித்தால் இயந்திரத்தின் விலை கட்டுப்படியாகாது. மிச்ச நேரத்தில் என்ன அடிப்பது? சாமி படம், காலண்டர்.

கோயிலுக்குள் போகும் உரிமைக்காகக் கலவரம் நடந்த ஊர் அரை நூற்றாண்டுக்குள் இந்தியா முழுமைக்கும் சாமி படம் அச்சடித்து அனுப்பும் ஊராகிவிட்டது. இதைப் பழிவாங்கல் என்று சொல்லமுடியாது. அச்சக முதலாளிகள் அப்படி நினைத்துத் தொழில் செய்ததாகவும் தெரியவில்லை. அவர்களுக்கு அது வியாபாரம். ஆனால் வரலாறு தானாகப் போட்ட கணக்கு இது.

சிவகாசிக்குச் சாமி வரைந்து கொடுத்தவர்களில் முதன்மையானவர் பக்கத்து ஊரான கோவில்பட்டியில் இருந்த சி.கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்சகாலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையப் போனார். கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். அவர் படங்களைப் பார்த்தால் வம்சாவளி தெளிவாகத் தெரியும். முகமும் உடம்பும் ரவிவர்மா. நகையும் மகுடமும் தஞ்சாவூர். பின்னணி நாடகத் திரைச்சீலை. மீனாட்சி திருக்கல்யாணத்தை அவர் வரைந்த விதம்தான் இன்றுவரை பல வீடுகளில் மீனாட்சி திருக்கல்யாணம். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் என்று அவருடைய சீடர்களும் தனித்தனியே பெயர் பெற்றார்கள்.

காலண்டர் வியாபாரத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கவேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். ஏஜென்ட்கள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, லாரி ஷெட் என்று எல்லா முதலாளிகளும் ஆல்பத்தைப் புரட்டி முருகன் இத்தனை, பிள்ளையார் இத்தனை, லட்சுமி இத்தனை என்று ஆர்டர் கொடுப்பார்கள். வேளாங்கண்ணி மாதா, மெக்கா மதீனா படங்களும் அதே ஆல்பத்தில் உண்டு. படம் எல்லோருக்கும் ஒன்றுதான். கீழே காலியாக விட்ட பட்டையில் அந்தந்தக் கடையின் பெயர் மட்டும் மாறும். படத்தை லட்சக்கணக்கில் அடிப்பதால் ஒன்றின் அடக்கவிலை சல்லிசு. அதைக் கடைக்காரர் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுப்பார்.

அந்த 'இலவசம்'தான் முக்கியம். ரவிவர்மா படத்தை வாங்கக் காசு வேண்டும். சினிமா பார்க்க டிக்கெட் வேண்டும். காலண்டருக்கு எதுவும் வேண்டாம், மாதாமாதம் ஒரு கடையில் அரிசி பருப்பு வாங்கினால் போதும். கூலிக்காரன் வீட்டுச் சுவரில் இருக்கும் சாமிக்கு யார் செலவு செய்தார்கள் என்று பார்த்தால், அது மளிகைக்கடைக்காரரின் விளம்பரச் செலவுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்! டிசம்பர் முடிந்ததும் தேதி கிழித்த அட்டை போய்விடும். படம் போகாது. தகரப் பட்டியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டு மாட்டிவிடுவார்கள்.

சரி, கலை விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? ரவிவர்மாவை மிகக் கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவர், தமிழ்த் தந்தைக்குக் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. ரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடையில் வேஷம் போட்டு நிற்கும் சாதாரண மனிதர்கள், இந்தியக் கலையின் கற்பனை ஆழம் அவற்றில் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். சகோதரி நிவேதிதாவும் வங்காள ஓவியர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். சோழர் செப்புத் திருமேனி ஒன்றையும் ரவிவர்மா படம் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்தால் குமாரசுவாமி சொன்னதில் நியாயம் இருப்பது தெரியும். ஆனால் அந்தத் திருமேனி இருந்த கோயிலுக்குள் யார் போகமுடிந்தது என்ற கேள்வி அந்த விவாதத்துக்குள் வரவேயில்லை. அழகைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோருக்கும் கோயில் கதவு திறந்தே இருந்தது.

குமாரசுவாமி சொல்லாத வேறொரு நஷ்டம் உண்டு. அது இன்னும் பெரியது என்றே தோன்றுகிறது. படம் எல்லா வீட்டுக்கும் போனபோது ஒரே முகம் எல்லா வீட்டுக்கும் போனது. அந்த முகம் வெள்ளை நிறம். பெரிய கண், கூர் மூக்கு, மேல்சாதிப் பணக்காரக் குடும்பத்துப் பட்டும் நகையும். கருங்கல்லிலும் சுதையிலும் ஊருக்கு ஒரு விதமாக இருந்த அம்மன்கள் தாளுக்கு வந்தபோது சிவப்பாகிவிட்டார்கள். வேப்பமரத்தடியில் முகமே இல்லாமல், மஞ்சள் பூசிய கல்லாக இருந்த மாரியம்மனுக்கும் காலண்டரில் லட்சுமியின் முகம்தான். கோயிலுக்குள் விடப்படாத மனிதன் வீட்டுக்குக் கடவுள் வந்தார், ஆனால் அந்த மனிதனின் நிறத்தில் வரவில்லை. அச்சுத் தொழிலின் இயல்பும் இதற்கு ஒரு காரணம். ஒரே கல்லில், பிறகு ஒரே தகட்டில், எவ்வளவு அதிகம் அடிக்கிறோமோ அவ்வளவு லாபம். ஊருக்கு ஒரு முகம் அடித்தால் கட்டுப்படியாகாது.

கடைசியில் சினிமாவும் காலண்டரும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்தன. 1957இல் வந்த 'மாயாபஜார்' படத்துக்குப் பிறகு என்.டி.ராமராவின் கிருஷ்ணர் முகமே காலண்டராக அச்சாகி ஆந்திரத்துப் பூஜை அறைகளுக்குப் போனது. அச்சிலிருந்து திரைக்குப் போன கடவுள் திரையிலிருந்து அச்சுக்குத் திரும்பி வந்துவிட்டார். அவர் பின்னாளில் 1983இல் முதலமைச்சரானது தனிக்கதை.

கோயில் கதவுகள் எப்போது திறந்தன? 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். அரசின் கட்டுப்பாட்டில் இருந்த கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. 1939 ஜூலையில் அ.வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதைத் தொடர்ந்து சட்டமும் வந்தது. கமுதி வழக்கு தொடங்கி 40 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. ரவிவர்மாவின் பேத்திகள் இருவரை 1900இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் தத்தெடுத்துக்கொண்டது. அவர்களில் இளையவரான சேது பார்வதி பாயின் மகன்தான் சித்திரைத் திருநாள். அதாவது, கதவைத் திறக்கும் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர் ரவிவர்மாவின் கொள்ளுப்பேரன்.

மலவ்லி அச்சகம் 1972இல் தீ விபத்தில் அழிந்தது. 1979இல் இந்திய அரசு ரவிவர்மாவின் ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. அதன்பின் அவற்றை நாட்டைவிட்டு வெளியே ஏற்றுமதி செய்யமுடியாது. அசல் ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தால் கோடிக்கணக்கில் போகின்றன. காலண்டர் படங்களுக்கு அந்த மதிப்பு இல்லை, ஆனால் அவற்றை யாரும் குப்பையில் போடுவதில்லை. சாயம் போய், கண்ணாடி உடைந்து, ஓரம் செல்லரித்த சாமி படங்களைத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் சாய்த்துவைத்துவிட்டுப் போகிறார்கள். நின்று பார்த்தால் படத்துக்குக் கீழே, பாதி அழிந்த எழுத்தில், இப்போது இல்லாத ஏதோ ஒரு கடையின் பெயர் இருக்கும்.